சனிக்கிழமை எஞ்சின்

உலகச் சண்டை முடிந்த கொஞ்ச நாளில் அரியலூரில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. தெருவில் முதலில் கம்பி இழுத்துக்கொண்ட நாலைந்து வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. வசதி இருந்து இழுக்கவில்லை. என் தொழிலுக்கு அது வேண்டியிருந்தது.

நான் பிரசவம் பார்ப்பவள். ஏலாக்குறிச்சிப் பக்கம் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு ஆஸ்பத்திரியில் தொழில் படித்தேன். அரியலூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். வந்த வருஷமே வீட்டின் முன்னறை இரண்டையும் பிரசவத்துக்கு என்று ஒதுக்கிவிட்டேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. கட்டில் வாங்கிப் போட்டதும், சுவருக்கு வெள்ளையடித்ததும், வெந்நீருக்குக் கொல்லையில் பெரிய அடுப்பு கட்டியதும் அவர்தான். திருமானூர், கீழப்பழுவூர், திருமழபாடி என்று வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். 'நர்சம்மா வூடு' என்றால் ஸ்டேஷன் வாசலில் யாரும் வழி சொல்வார்கள்.

கரண்ட் வந்ததும் நான் செய்த முதல் காரியம், ஆசாரியை வரவழைத்து ஒரு பெட்டி செய்யச் சொன்னது. திருச்சி ஆஸ்பத்திரியில் பார்த்த பெட்டி அது. பலகைப் பெட்டி, மேலே கண்ணாடி மூடி, அடித்தட்டில் இரண்டு பல்பு, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். மேல்தட்டில் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்த வேண்டும். மாசம் நிறையாமல் பிறக்கும் பிள்ளைகளுக்கு உடம்பில் சூடு நிற்காது. பல்பின் சூட்டில் அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவரும். பார்க்க வந்தவர்கள், கோழி முட்டை பொரிக்கிற பெட்டி மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். அதே பெட்டியிலிருந்து ஒரு பிள்ளை தேறி வெளியே வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் அந்தக் காலத்துக் கரண்டை நம்ப முடியாது. ஐப்பசி மழை பிடித்தால் எங்காவது கம்பம் சாய்ந்துவிடும். ஒரு பொழுது, ஒரு நாள் என்று வராது. முதல் வருஷ மழையில் கீழப்பழுவூரிலிருந்து வந்த ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. இரண்டையும் பெட்டியில் ஒன்றாகக் கிடத்தியிருந்தேன். மத்தியானம் பல்பு அணைந்தது. சீசாக்களில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி இரண்டு பக்கமும் வைத்தேன். ஒரு சீசா ஆறியதா என்று பார்ப்பதற்குள் இன்னொன்று ஆறிவிடும். என் வீட்டுக்காரர் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அடுப்படிக்கும் முன்னறைக்கும் வெந்நீர் சுமந்துகொண்டே இருந்தார். விடிந்தபோது ஒரு பிள்ளைதான் இருந்தது.

நான் கொல்லையில் உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நமக்கென்று ஒரு எஞ்சின் வாங்கிப் போட்டுவிடலாம், கரண்ட் போனால் நாமே விளக்கு எரித்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு அப்படி ஒரு யோசனையே தோன்றியிருக்காது. அதைச் சொன்னவர் அவர் என்பதை நான் இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

என் தம்பி பட்டாளத்தில் லாரி ரிப்பேர் பார்த்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான். பட்டாளத்துச் சாமான்களை மதராசில் ஏலம் விடுகிறார்கள், கூடாரத்துக்கு விளக்கு எரிக்கிற சின்ன எஞ்சின்களும் டைனமோக்களும் கிடைக்கும் என்று அவன் சொன்னான். என் கழுத்துச் சங்கிலியையும் வளையல்களையும் கழற்றிக் கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். திரும்பி வந்தபோது கூட்ஸ் வண்டியில் அவர்களுக்குப் பின்னால் எங்கள் எஞ்சினும் வந்தது. பட்டாளத்துப் பச்சை பூசி, சாக்குச் சுற்றி, எண்ணெய் நாற்றத்தோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. தெருவே கூடி நின்று பார்த்தது.

அதைக் கொல்லையில் நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சிமெண்ட் கிடைக்காத காலம். சுண்ணாம்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகத் தளம் கட்டி, அது இறுகும் வரைக்கும் நாள் கணக்கில் ஈரச்சாக்குப் போட்டு வைத்தோம். தளத்தில் எஞ்சினை ஒரு பக்கம், டைனமோவை ஒரு பக்கம் போல்ட் போட்டு முடுக்கி, நடுவில் பெல்ட் மாட்டினான் தம்பி. எஞ்சின் சுற்றினால் பெல்ட் டைனமோவைச் சுற்றும். அதிலிருந்துதான் கரண்ட் வரும். புகை போகச் சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் விட்டான். மேலே தகரக் கொட்டகை. டைனமோவுக்குத் தூசி படாமல் தனியாக ஒரு தகர மூடி. முன்னறைச் சுவரில் கைப்பிடி வைத்த பெரிய சுவிட்ச் ஒன்று மாட்டினான். மேலே தள்ளினால் தெருக் கரண்ட், கீழே தள்ளினால் எங்கள் கரண்ட்.

முதல் தடவை ஓட்டியபோது பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். தம்பி ஹேண்டில் போட்டுச் சுற்றினான். கொஞ்சம் பெட்ரோலில் கிளம்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் அது. நான் சுவிட்சைக் கீழே தள்ளினேன். பெட்டியின் பல்புகள் முதலில் சிவப்பாகத் துடித்து, பிறகு வெளிச்சமாக நின்றன. தம்பி கொல்லையிலிருந்து எரிகிறதா என்று கத்திக் கேட்டான். நான் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர்தான், எரியுது எரியுது என்று திரும்பக் கத்தினார்.

அந்த வருஷ மழைக்கு எஞ்சின் இரண்டு தடவை உதவியது. இரண்டு தடவையும் பெட்டியில் பிள்ளை இருந்தது. இரண்டும் பிழைத்தன.

மழைக்காலம் போனால் எஞ்சினுக்கு வேலை இல்லை. சும்மா கிடந்தால் எஞ்சின் இறுகிவிடும், வாரம் ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான். அதை என் வீட்டுக்காரர் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து, காப்பி குடித்துவிட்டுக் கொல்லைக்குப் போவார். ஹேண்டில் சுற்றும் சத்தம் கேட்கும். பிறகு எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து, நல்லாத்தான் இருக்கு என்பார். முன்னறையில் யாருக்காவது வயிறு பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எனக்கு ஒரு நிம்மதி. வலியில் கிடக்கும் பெண்ணிடம்கூட, அது நம்ம எஞ்சின்தான், பயப்படாதே என்று சொல்லியிருக்கிறேன். டைனமோ மூடியை மட்டும் தொடாதே, ஷாக் அடிக்கும் என்று அவர் எச்சரித்திருந்தார். நானும் தொட்டதில்லை.

இந்தச் சமயத்தில் தம்பி பெரம்பலூரில் ஒரு மைக் செட் கடை வைத்தான். அங்கே அப்போது வீடுகளுக்குக் கரண்ட் வரவில்லை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் விளக்குப் போட்டு ரிக்கார்டு வைத்தால் சுற்று வட்டாரமே வந்து நிற்கும். பட்டாளத்திலிருந்து வந்து எதிலும் ஒட்டாமல் திரிந்துகொண்டிருந்தவன் ஒரு தொழிலில் உட்கார்ந்தானே என்று எனக்குச் சந்தோஷம். என் வீட்டுக்காரர் லீவு நாட்களில் அவனுக்குக் கூடமாட உதவப் போவார். மச்சானும் மச்சினனும் இவ்வளவு ஒட்டுதலாக இருக்கிறார்களே என்று, போகிற ஒவ்வொரு தடவையும் தம்பிக்கு ஊறுகாயும் முறுக்கும் கட்டிக் கொடுத்தனுப்புவேன்.

அடுத்த ஐப்பசியில் புயல் வந்தது.

திருமானூரிலிருந்து வந்த பெண் ஒருத்திக்கு ஏழாம் மாசத்திலேயே பெண் குழந்தை பிறந்து பெட்டியில் இருந்தது. தலைப்பிள்ளை. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்தது. காலையிலிருந்தே காற்று. பத்து மணி வாக்கில் பல்பு அணைந்தது. நான் பதறவில்லை. என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் இருந்தார். அந்தப் பெண்ணின் புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கரும்பு வெட்டிக் காய்த்த கை அவனுக்கு. ஹேண்டிலைக் காட்டி இப்படிச் சுற்று என்றேன். இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. மழையில் நனைந்துகொண்டே முன்னறைக்கு ஓடிவந்து சுவிட்சைக் கீழே தள்ளினேன்.

பல்பு எரியவில்லை.

மேலே தள்ளி மறுபடி கீழே தள்ளினேன். பல்பைத் திருகிப் பார்த்தேன், வேறு பல்பு போட்டேன். கொல்லையில் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டும் சுற்றுகிறது என்று அவன் வந்து சொன்னான். தெருவெல்லாம் கேட்கும்படி சத்தம், அறையில் துளி வெளிச்சம் இல்லை. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். அந்தச் சத்தத்தில் என்னால் யோசிக்க முடியவில்லை.

குழந்தையின் பாதம் குளிர ஆரம்பித்திருந்தது. பெட்டியிலிருந்து எடுத்து, தாயின் ரவிக்கையைத் தளர்த்தி, அவள் நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, மேலே கம்பளியைச் சுற்றிக் கட்டினேன். அசையாமல் படு என்றேன். பிள்ளை போயிடுமா என்று கேட்டாள். போகாது, உன் சூடு போதும் என்றேன். போதுமா என்று எனக்கே தெரியாது. அவள் களைத்துப் போனபோது நான் வாங்கி என் நெஞ்சில் கட்டிக்கொண்டேன். இப்படியே இரண்டு பேரும் மாற்றி மாற்றி வைத்திருந்தோம். மறுநாள் பிற்பகல்தான் கரண்ட் வந்தது.

குழந்தை பிழைத்தது. பெரியவளாகிப் பள்ளிக்கூடம் போனதும் எனக்குத் தெரியும். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பிறகு எல்லாரும் என் வாயை அடைக்க அந்தப் பிள்ளையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

புயல் அன்று சாயங்காலம் நனைந்துகொண்டு வந்த என் வீட்டுக்காரர் நடந்ததைக் கேட்டுவிட்டு, நனைந்த சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். பிறகு, வயர் எங்காவது விட்டிருக்கும், தம்பி வந்து பார்க்கட்டும் என்றார். தண்ணீர் வடிந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் தம்பி வந்தான். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, டைனமோவின் உள்சுற்று எரிந்துபோயிருக்கிறது, திருச்சிக்குக் கொண்டுபோய்ச் செம்புக்கம்பி புதிதாகச் சுற்ற வேண்டும் என்றான். கழற்றி எடுத்துக்கொண்டு போனான். அதன் பிறகு எப்போது கேட்டாலும், கம்பி கிடைக்கவில்லை, கடைக்காரர் தவணை சொல்கிறார் என்றே பதில். சண்டைக்குப் பிறகு எதுதான் கிடைத்தது? நான் நம்பினேன். தெருக் கரண்டை வைத்துக்கொண்டு, வானம் கறுத்தால் சீசாக்களையும் கம்பளியையும் எடுத்து வைத்துக்கொண்டு அந்த மழைக்காலத்தைக் கடத்தினேன்.

தை மாசம் பெரம்பலூரில் ஒரு கல்யாணம். என்னிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட ஒரு வாத்தியார் வீட்டம்மா, தங்கை கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று நேரில் வந்து அழைத்திருந்தாள். என் வீட்டுக்காரர் டூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன்.

பந்தலுக்குள் நுழையும்போது பொழுது சாய்கிற நேரம். பந்தல் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் பல்பு. ஜனங்கள் மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு அண்ணாந்து பல்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பியின் செட்டாகத்தான் இருக்கும் என்று பெருமையாக இருந்தது. ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாமே என்று எஞ்சின் சத்தம் வந்த பக்கம், பந்தலுக்குப் பின்னால் போனேன்.

ஒரு பழைய லாரியின் எஞ்சினைக் கட்டையில் ஏற்றி ஓடவிட்டிருந்தார்கள். அதிலிருந்து பெல்ட் போட்டுப் பச்சை நிற டைனமோ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி குனிந்து அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்படிக் குனியாமல் இருந்திருந்தால், இது வேறு ஏதோ டைனமோ என்று நினைத்து, நலம் விசாரித்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

"திருச்சியிலேருந்து எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"திருச்சிக்குப் போகவே இல்லக்கா."

"அப்ப எரிஞ்சு போனது?"

"அது வேற. செத்த டைனமோ. இத எடுத்துட்டு அத வெச்சோம்."

"எப்ப எடுத்தே?"

"போன தை மாசம்."

எனக்கு முதலில் புரியவில்லை. புயல் வந்தது ஐப்பசியில். போன தை என்றால் அதற்கு ஒன்பது மாசம் முன்னால். அப்படியென்றால் புயல் அன்றைக்கு என் வீட்டில் எதுவும் எரிந்து போகவில்லை. எரிவதற்கு அங்கே எதுவுமே இல்லை. எனக்குத் தெரியாமல் என் வீட்டுக் கொல்லைக்குள் எப்படி வந்தாய் என்று கேட்டேன். நான் திருமழபாடிக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்த அன்று வந்தானாம்.

"உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

அவன் கண் கலங்கிவிட்டது. "நானா எடுக்கல. மச்சான்தான் எடுத்துட்டுப் போன்னு சொன்னாரு. கடையில பாதி அவரோடது."

நான் சாப்பிடாமல் கிளம்பினேன். வாத்தியார் வீட்டம்மா கையைப் பிடித்துத் தடுத்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். அப்போதும் பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓட்டுகிற பஸ்தான். வழியெல்லாம் அந்தப் புகையில் கண் எரிந்தது. தம்பி மேல் இருந்த கோபம் பாதி வழியிலேயே போய்விட்டது. எனக்கு நினைவெல்லாம் சனிக்கிழமைகள்தான். தையிலிருந்து ஐப்பசி வரைக்கும் ஒரு சனிக்கிழமை தவறவில்லை. காப்பி குடிப்பார், கொல்லைக்குப் போவார், ஹேண்டில் சுற்றுவார், கையைத் துடைத்துக்கொண்டு வருவார், நல்லாத்தான் இருக்கு என்பார். அந்தச் சத்தத்தை நம்பிக்கொண்டு நான் எத்தனையோ பிள்ளைகளைப் பெட்டியில் வைத்திருந்தேன். பல்பு தொடர்ந்து எரிந்தது தெருக் கரண்டின் தயவு.

வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரம்பலூரில் டைனமோவைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். சோற்றில் இருந்த கை நின்றது. பிறகு பிசைந்துகொண்டே பேசினார். வருஷத்தில் நாலு நாள் போகிற கரண்டுக்காக அவ்வளவு நல்ல சாமானைச் சும்மா போட்டு வைப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். ரயில்வேயை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் பார்க்க வேண்டும் என்று தனக்கும் ஆசை உண்டு என்றார். மழைக்கு முன்னால் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தாராம். திருவிழாக்கள் வரிசையாக வந்துவிட்டனவாம்.

"சும்மா கெடக்கத்தான் அத வாங்கினோம்" என்றேன். "நீங்கதான் வாங்கலாம்னு சொன்னீங்க."

"பிள்ளைதான் பொழச்சிடுச்சில்ல. அப்புறம் என்ன?"

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"சனிக்கிழமை சனிக்கிழமை எதுக்கு ஓட்டுனீங்க?"

எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு, எனக்கு ஏதோ நல்லது செய்தவர் போல மெதுவாகச் சொன்னார்: "நீ பயப்படாம இருக்கட்டும்னுதான்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுவாரமே தம்பி டைனமோவை பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டுவந்தான். அவனே முடுக்கி, பெல்ட் மாட்டி, எஞ்சினைக் கிளப்பி, என்னைக் கூப்பிட்டுச் சுவிட்சைத் தள்ளச் சொன்னான். எரிந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை. அவனும் நிற்கவில்லை. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஹேண்டில் சுற்றப் பழகிக்கொண்டேன். வாரத்தில் எந்த நாளானாலும் சரி, சனிக்கிழமை மட்டும் ஓட்டுவதில்லை. ஓட்டும்போதெல்லாம் பல்பு எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் நிறுத்துவேன்.

அம்மா ஏலாக்குறிச்சியிலிருந்து வந்தாள். தம்பியும் புருஷனும் வேறு வேறு ஆளா, உன் சாமானை உன் மனுஷர்கள்தானே எடுத்தார்கள் என்றாள். பங்குச் சாமியார் பூசை முடிந்து என்னை நிறுத்தி, பிள்ளை பிழைத்ததற்குக் கர்த்தருக்கு நன்றி சொல், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்றார். தெருப் பெண்கள் பார்வையில், குடிக்காத, கை நீட்டாத புருஷன் வாய்த்தவள் ஒரு இரும்புத் துண்டுக்காக முறுக்கிக்கொண்டு இருக்கிறாள். அவர்களிடம் என்ன சொல்வது? பிள்ளை போயிருந்தால் என் பக்கம் நின்றிருப்பார்கள். பிள்ளை பிழைத்துவிட்டதால் எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிட்டது.

தம்பியோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தேன். அவனுக்குப் பெண் பார்த்தபோது அவனே வந்து வாசலில் நின்றான். நான் செய்தது தப்புக்கா என்று நேராகச் சொன்னான். உள்ளே வா என்றேன். அதோடு அது தீர்ந்தது.

என் வீட்டுக்காரர் கடைசி வரை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன். கொஞ்ச நாளில் ரயில்வே வேலையை விட்டுவிட்டு, வேறு டைனமோ வாங்கிப் பெரம்பலூரிலேயே தங்கித் தொழில் பார்த்தார். நன்றாகவே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அரியலூர் வருவார், சாப்பிடுவார், சாயங்காலம் போவார். மழைக்கு ஓடு மாற்ற வேண்டுமா, அரிசி இருக்கிறதா என்று கேட்பார். ஆமாம், இல்லை என்று பதில் சொல்வேன். அவர் எது சொன்னாலும் எனக்குள் ஒருத்தி எழுந்து போய்ச் சரிபார்த்துவிட்டு வருவாள். பஸ் கிடைக்கவில்லை என்றால், பஸ் ஓடியதா என்று தெரிந்தவர்களிடம் கேட்பேன். பஸ் ஓடியிருக்காது. அவர் சொன்னது நிஜமாகவே இருக்கும். ஆனாலும் அடுத்த தடவையும் கேட்பேன்.

சில வருஷம் கழித்து அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. தம்பி கார் பிடித்து அரியலூருக்குக் கொண்டுவந்து சேர்த்தான். முன்னறைக் கட்டிலிலேயே படுக்க வைத்து மூன்று வாரம் பார்த்துக்கொண்டேன். வேளாவேளைக்கு மருந்து, கஞ்சி, நெற்றிக்கு ஈரத்துணி. வாய்க்கு அருகில் நான் எதைக் கொண்டுபோனாலும், என்ன மருந்து, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பார். அப்படி ஒரு நாள் மருந்தைக் குடித்துவிட்டு, "நீ இருக்கறப்ப எனக்கென்ன" என்று சொல்லித் திரும்பிப் படுத்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.